கோபுரத்துக்குக் கீழே ஒரு ஸ்பெயின் ராஜா

இன்னிக்குப் பேசப்போறது பழைய வெள்ளி நாணயம் பத்தி. ஆனா பெசன்ட் நகர்ல இருந்து ஆரம்பிக்கலாம். எலியட்ஸ் பீச்சிலிருந்து வடக்கே, அடையாறு கடல்ல கலக்கிற பக்கமா நடந்தா ஊரூர் ஒல்காட் குப்பம் வரும். அந்தப் பேருல இருக்கிற ஒல்காட் ஒரு அமெரிக்கர். 1882-ல் தியசாபிகல் சொசைட்டியின் தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டுவந்த ஹென்றி ஸ்டீல் ஒல்காட். ஆனா அவருக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கடற்கரைக்கு அமெரிக்காவிலிருந்து வேற ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு. வெள்ளி.

அமெரிக்கான்னதும் நியூயார்க்கை நினைக்காதீங்க. அப்போ ஸ்பெயின் கையில இருந்த மெக்சிகோ, பெரு, பொலிவியா பக்கம். பொலிவியாவின் பொட்டோசி மலையில 1545-ல் வெள்ளி கிடைச்சுது. அங்கே இருந்த பூர்வகுடி மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துட்டுப் போய் சுரங்கத்துல இறக்கினாங்க. அந்த வெள்ளியில அடிச்ச காசு '8 ரியால்'. எடை ஏறக்குறைய 27 கிராம். ஸ்பானிஷ் டாலர்னு சொல்றது இதைத்தான். உலகம் முழுக்க இது செல்லுபடி ஆச்சு. அமெரிக்க ஐக்கிய நாடுகள்லயே 1857 வரைக்கும் இது சட்டப்படி செல்லும் பணம்.

சரி, இது ஏன் மெட்ராஸுக்கு வரணும்? துணிக்காக. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேணும். ஆனா பதிலுக்கு விக்கிறதுக்கு இங்கிலாந்து கிட்ட இருந்த சரக்குக்கு இங்கே பெரிய கிராக்கி இல்லை. அதனால கப்பல்ல பெட்டி பெட்டியா வெள்ளி வந்துச்சு.

வந்தது சரி, இறக்குறது எப்படி? இங்கே துறைமுக வேலை தொடங்கினதே 1870-கள்லதான். அதுவரைக்கும் கப்பல் நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். அலையைத் தாண்டி சரக்கைக் கரை சேர்த்தது மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காம கயிறால தைச்ச படகு அது. அலை மோதினா வளைஞ்சு கொடுக்கும், உடையாது. அதை ஓட்டினவங்க இந்தக் கரையோரத்து ஜனங்க. கம்பெனியோட மொத்த முதலும் அவங்க துடுப்பை நம்பித்தான் கரைக்கு வந்துச்சு.

அவ்வளவு டாலர் வந்திருக்கே, அதெல்லாம் எங்கே? பெரும்பகுதி உருகிப் போச்சு. இங்கே புழங்கின காசு வராகன், பணம், ஆற்காடு ரூபாய். ஆற்காடு ரூபாய் அடிக்கிற உரிமை 1742-ல் கம்பெனிக்குக் கிடைச்சுது. வெளியூர் வெள்ளி நாணயசாலைக்குள்ள போய், ரூபாயா வெளிய வந்துச்சு.

இதே கதை பாஸ்டன்லயும் நடந்திருக்கு. 1652-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றக்காரங்க சொந்தமா நாணயசாலை தொடங்கினாங்க. கரீபியன் வியாபாரத்துல வந்த ஸ்பானிஷ் வெள்ளியை உருக்கி, பைன் மரம் போட்ட ஷில்லிங் அடிச்சாங்க. அப்புறம் வருஷக்கணக்கா அடிச்சாலும் காசுல 1652-ன்னே போட்டாங்க. இன்னிக்கு சேகரிப்பாளர்கள் போட்டி போடுற காசு அது. அதே பாஸ்டன்ல 1649-ல் பிறந்த எலிஹு யேல்தான் பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆனவர். ரெண்டு ஊருக்கும் அதே ஸ்பானிஷ் வெள்ளி. அங்கே மரம், இங்கே நம்ம ஊர் முத்திரை.

இப்போ சுவாரசியமான இடத்துக்கு வரேன். 1807, 1808 வாக்குல மெட்ராஸ்ல புதுசா பெரிய வெள்ளிக் காசு அடிச்சாங்க. அதுல ஒண்ணு அரை வராகன். ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம். மறுபக்கம் விஷ்ணு, சுத்தி தமிழ்லயும் தெலுங்குலயும் எழுத்து. எடை ஏறக்குறைய 21 கிராம். இதுல சில காசுகளுக்கு வெள்ளியை உருக்கவே இல்லை. ஸ்பானிஷ் டாலரோட எடையைக் குறைச்சு, அது மேலேயே அச்சை அடிச்சுட்டாங்க. அடி சரியா விழாத இடத்துல பழைய முத்திரை இன்னும் தெரியும். கோபுரத்துக்குப் பின்னால ஸ்பெயின் ராஜா பேரோட ஒரு எழுத்து, இல்லேன்னா அவர் முகத்தோட ஒரு கோடு.

சாதாரணமா பார்த்தா இது 'சரியா அடிக்காத காசு'. ஆனா விஷயம் தெரிஞ்ச சேகரிப்பாளருக்கு அந்த மிச்சக் கோடுதான் பொக்கிஷம். உருக்கின காசு எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லாது, இது சொல்லும். அதனாலதான் பழைய காசு கையில கிடைச்சா புளியோ பேஸ்ட்டோ போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், தகவல் போயிடும்.

சட்டமும் தெரிஞ்சுக்கங்க. 100 வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேற யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுல புதையலா கிடைச்சா, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல இருந்தாலே கலெக்டருக்குத் தகவல் சொல்லணும்னு 1878-ம் வருஷச் சட்டம் சொல்லுது.

1818-ல் மெட்ராஸ் வராகனை விட்டுட்டு ரூபாய்க்கு மாறிடுச்சு. சுரங்கத்துல இறங்கினவங்க பேரும், படகு வலிச்சவங்க பேரும் எந்தக் காசுலயும் இல்லை. ராஜா பேராவது ஒரு எழுத்து மிஞ்சியிருக்கு. அதைப் பார்க்கும்போது மத்த ரெண்டு கூட்டத்தையும் சேர்த்து நினைச்சுக்கங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.