பிள்ளை ஊகம்

வர்க்கம், கனம் முதலாக இயல் எண்களின் அடுக்குகள் அனைத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால், அடுத்தடுத்த உறுப்புகளின் இடைவெளி முடிவிலியை நோக்கிச் செல்லும் என்பது பிள்ளை ஊகம். எண் கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளை (1901–1950) முன்வைத்தது, இன்றுவரை நிறுவப்படவில்லை.

அந்த வரிசை 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64... என்று போகும். இடைவெளிகள் 3, 4, 1, 7, 9, 2, 5, 4, 13, 15... ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன.

கல்லூரிப் பாடத்தில் தொடர்முறையின் எல்லையைக் காண n-ஆம் உறுப்பு கையில் இருக்கும். (3n+1)/(n+2) என்றால் மேலும் கீழும் n-ஆல் வகுத்தால் எல்லை 3. வர்க்கங்களை மட்டும் எடுத்தால் இடைவெளி 2n+1. அது முடிவிலிக்குப் போவதைச் சொல்லவே வேண்டாம். வர்க்கமும் கனமும் ஐந்தாம் அடுக்கும் கலந்தவுடன் n-ஆம் உறுப்புக்கு வசதியான சூத்திரம் இல்லாமல் போகிறது.

சராசரி கைகொடுக்குமா? N வரை உள்ள அடுக்குகள் ஏறத்தாழ √N. ஆகவே சராசரி இடைவெளியும் √N அளவில் வளர்கிறது. ஊகம் கேட்பது அதைவிட அதிகம்: எவ்வளவு பெரிய M-ஐச் சொன்னாலும், ஓரிடத்துக்கு அப்பால் ஓர் இடைவெளிகூட M-க்குள் அடங்கக் கூடாது. 5234-இன் கனம் 1,43,38,41,52,904. 378661-இன் வர்க்கம் 1,43,38,41,52,921. அந்த உயரத்தில் அடுத்தடுத்த வர்க்கங்களுக்கு நடுவே ஏழரை லட்சத்துக்கு மேல் இடைவெளி இருக்க, இவ்விரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 17.

பிள்ளை குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், அங்கிருந்து திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்குப் போனது இயல்பான வழி. 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். பிறகு திருவிதாங்கூர், கல்கத்தா. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, எண்களை அடுக்குகளின் கூட்டலாக எழுதுவது பற்றிய வாரிங் புதிர்தான். இந்த ஊகத்தையோ 1945-இல் ஒரு கட்டுரையில், போகிற போக்கில் அச்சேற்றினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் பயணப்பட்டபோது, எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார்.

ஊகத்தை வேறு விதமாகவும் சொல்லலாம்: k எந்த இயல் எண்ணானாலும், வித்தியாசம் k ஆக அமையும் அடுக்கு இணைகள் முடிவுறு எண்ணிக்கையிலேயே இருக்கும். அடிகள் இரண்டையும் நிலையாக வைத்து, அடுக்குக்குறிகளை மட்டும் மாறவிட்டால் இது உண்மை என்று பிள்ளையே 1930-களில் காட்டினார். அடியும் மாறலாம் என்றால் k = 1 மட்டுமே தீர்ந்திருக்கிறது. 1844-இல் கத்தலான் எழுப்பிய கேள்வி அது; தைடெமான் 1976-இல் தீர்வுகள் முடிவுறுபவை என நிறுவ, 9 − 8 தவிர வேறில்லை என்று மிஹைலெஸ்கு 2002-இல் முடித்துவைத்தார். k = 2-க்கு 27 − 25 ஒன்றுதான் தெரிந்த இணை; வேறு இல்லை என்பதற்கு நிரூபணம் கிடையாது.