ஒரே தொழிற்சாலையின் மூன்று பிஸ்டல்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 10, 11இல் பிள்ளைகள் படிக்கிற பெற்றோர் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11இல் முதலாம் உலகப் போர் பாடம். 1914 ஜூன் 28, சராஜெவோ நகரம், ஒஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று சொல்லி முடிக்கவில்லை, பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "சேர், சுட்டது என்ன பிஸ்டல்? செமி ஓட்டோவா?" பக்கத்தில் இருந்தவன் உடனே தனக்குப் பிடித்த பிஸ்டலின் பெயரைச் சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் "அது சரியில்ல, இதுதான் நல்லம்" என்று இன்னொன்றைச் சொன்னான். எல்லாம் போன் கேமில் படித்த பாடம். பத்து நிமிடம் வகுப்பு சந்தைக்கடை.

ஏசி உட்கார வைத்திருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி, எனக்கு விடை தெரியாது. "தேடிப் பார்த்துட்டு வந்து சொல்றன்" என்றேன். தேடினேன். பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் செமி ஓட்டோ என்றால் என்ன. விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு ரவை மட்டும் போகும். ஆனால் அந்த ரவை வெடித்த வேகத்திலேயே மேல்பகுதி பின்னால் தள்ளப்பட்டு, வெற்றுக் கோது வெளியே விழுந்து, மகசினிலிருந்து அடுத்த ரவை தானாக உள்ளே ஏறிவிடும். சுடுபவர் திரும்ப விசையை இழுத்தால் மட்டும் போதும்.

பெல்ஜியத்தில் லீஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டால் என்றொரு ஊர். அங்கே 1889இல் எஃப்.என். என்ற ஆயுதத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பெல்ஜிய அரசாங்கத்துக்கு 150,000 மவுசர் ரைபிள் செய்து கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. பிறகு சைக்கிளும் செய்தார்கள். 1897இல் அமெரிக்காவில் சைக்கிள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வரத் தங்கள் வர்த்தக முகாமையாளரை அனுப்பினார்கள். அங்கே அவர் ஜோன் பிரவுனிங் என்பவரைச் சந்தித்தார். யூட்டா மாநிலத்துத் துப்பாக்கி செய்பவர் ஒருவரின் மகன். அவர் கையில் ஒரு புது மாதிரி பிஸ்டல் இருந்தது. சைக்கிள் பார்க்கப் போனவர் பிஸ்டலுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு திரும்பினார்.

அந்த ஒப்பந்தத்தில் பிறந்தவற்றில் மூன்றை மட்டும் எடுக்கிறேன்.

1. 1900 மாதிரி. 7.65 மில்லிமீற்றர் ரவை, மகசினில் 7. எடை 600 கிராமுக்குச் சற்று மேல். குழாய்க்கு மேலே சுருள்வில்லை வைத்திருந்ததால் முன்னால் பார்த்தால் இரட்டைக் குழாய் போலத் தெரியும். மேல்பகுதி முழுவதும் வழுக்கிப் பின்னால் போய் வருகிற அமைப்போடு தொழிற்சாலையில் தொகையாகச் செய்யப்பட்ட முதல் பிஸ்டல் இதுதான். இன்று பிள்ளைகள் போனில் பார்க்கிற அநேகமான பிஸ்டல்கள் அந்த அமைப்பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிஸ்டல் என்பதற்கே "பிரவுனிங்" என்று சொல்கிற அளவுக்குப் பரவியது.

1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பொப்ரிக்கோவை பின்லாந்து இளைஞர் ஒருவர் சுட்டது இந்த மாதிரியால். 1909 ஒக்டோபர் 26இல் ஹார்பின் புகையிரத நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபூமியைக் கொரியர் ஆன் ஜுங்-கன் சுட்டதும் இந்த மாதிரியால்தான். கொரியாவில் இன்றும் அவர் தேசிய வீரர். ஆனால் அடுத்த வருடமே ஜப்பான் கொரியாவை முழுதாக இணைத்துக்கொண்டது. அதைப் பிஸ்டலால் தடுக்க முடியவில்லை.

2. 1910 மாதிரி. வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை இது. பிரவுனிங் இதில் சுருள்வில்லைக் குழாயைச் சுற்றியே வைத்துவிட்டார். அதனால் வெளியே ஒன்றும் துருத்தாத, சட்டைப் பைக்குள் அடங்குகிற வழவழப்பான உருவம் வந்தது. தவறி வெடிக்காமல் இருக்க மூன்று பாதுகாப்புகள்: கையால் தள்ளும் பூட்டு ஒன்று, பிடியை இறுக்கிப் பிடித்தால் மட்டும் விடுபடுவது ஒன்று, மகசினைக் கழற்றினால் வேலை செய்யாதது ஒன்று. எடை சுமார் 600 கிராம். 7.65 ரவையிலும் வந்தது, 9 மில்லிமீற்றர் குட்டை ரவையிலும் வந்தது. குட்டை ரவை என்றால் மகசினில் 6.

இயந்திரமாக மட்டும் பார்த்தால் மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு பாகம்கூட வீணில்லை. உள்ளதைச் சொல்கிறேன், படத்தைப் பார்த்தபோது எனக்கும் கை நீண்டது. பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது.

சராஜெவோவில் கொலைக் குழுவுக்குக் கொடுக்கப்பட்டவை இந்த மாதிரியில் நான்கு. காலையில் ஒருவன் எறிந்த குண்டு இளவரசரைக் காயப்படுத்தவில்லை. பிறகு கார்ச் சாரதி தவறான வீதியில் திரும்பி, பின்னால் எடுப்பதற்காக வண்டியை நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் காவ்ரிலோ பிரின்சிப் நின்றிருந்தான். வயது 19. இரண்டு வெடி. ஒன்று இளவரசருக்கு, மற்றது அவருடைய மனைவி சோபிக்கு. இருவரும் மௌத்தானார்கள்.

பல புத்தகங்களில் இது 1900 மாதிரி, 7.65 ரவை என்று எழுதப்பட்டிருக்கிறது. அது பிழை. அந்தப் பிஸ்டலின் தொடர் இலக்கம் பதிவாகியிருக்கிறது: 19074. மாதிரி 1910, ரவை 9 மில்லிமீற்றர். ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் கைக்குப் போய், அவருடைய சபையாரிடம் பல பத்து வருடங்கள் கிடந்து, 2004இல் வியன்னாவிலுள்ள இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. இளவரசர் பயணித்த காரும், இரத்தம் பட்ட அவருடைய சீருடையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஓகஸ்ட் 4இல் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. மேற்குப் போர்முனையின் முதல் பெரிய சண்டை லீஜ் கோட்டைகளில். அதாவது பிஸ்டல் செய்த தொழிற்சாலையின் வாசலில். சராஜெவோவில் வெடித்து ஆறு கிழமை ஆகவில்லை. அதைச் செய்த தொழிலாளர்களின் வீட்டுக்கு மேலாகப் பீரங்கிக் குண்டு போனது.

3. 1935 மாதிரி, ஹைபவர். பிரான்ஸ் இராணுவம் அதிக ரவை கொள்ளும் பிஸ்டல் கேட்டதால் பிரவுனிங் இதைத் தொடங்கினார். முடிக்கவில்லை. 1926 நவம்பர் 26இல், 71 வயதில், அதே ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் இருதயம் நின்று இறந்தார். அங்கிருந்த சைவ் என்ற பெல்ஜியர் வேலையை முடித்தார். கேட்ட பிரான்ஸ் வாங்கவில்லை, பெல்ஜிய இராணுவம் 1935இல் எடுத்துக்கொண்டது. ரவைகளை மகசினில் இரண்டு வரிசையாக அடுக்கியதால் 13 கொள்ளும். எடை ஒரு கிலோவுக்குக் கிட்ட. பைக்குள் மறைக்கிற சாமான் இல்லை, இடுப்பில் தொங்கவிடுகிற சாமான்.

1940இல் ஜேர்மனி திரும்பவும் பெல்ஜியத்தைப் பிடித்தது. தொழிற்சாலை ஹிட்லரின் படைக்கு இதே பிஸ்டலைச் செய்தது. சைவ் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். பிறகு கனடாவின் டொரொன்டோவில், ஹிட்லரை எதிர்த்தவர்களுக்காகவும் இதே பிஸ்டல் செய்யப்பட்டது. ஒரே சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி. பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். 1981இல் வத்திக்கானில் பாப்பரசரைச் சுட்டது இந்த மாதிரி. 2011இல் லிபியாவில் கடாபி பிடிபட்டபோது, அவருடையது என்று போராளிகள் தூக்கிக் காட்டிய தங்க முலாம் பூசிய பிஸ்டலும் இந்த மாதிரிதான். அது அவரைக் காப்பாற்றவில்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். பையன்கள் அசையாமல் கேட்டார்கள். எது நல்லது என்று அவர்களிடமே கேட்டேன். பாதிப் பேர் ஹைபவர், 13 ரவை என்பதற்காக. மற்றப் பாதி 1910.

மணி அடித்த பிறகு ஒரு பையன் மட்டும் போகாமல் நின்றான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. "சேர், எங்கட மூத்தாப்பாவச் சுட்டது என்ன பிஸ்டல்?" என்று கேட்டான்.

89இல் நடந்தது என்று அவனுடைய மூத்தம்மா சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் சைக்கிளில் வந்து, கடையில் இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எழும்பி வந்திருக்கிறார். அவ்வளவுதான். யார் என்று இன்றுவரை தெரியாது. ஏன் என்றும் தெரியாது.

என்னிடம் விடை இல்லை. இந்த முறை "தேடிப் பார்த்துட்டு சொல்றன்" என்று சொல்லவும் முடியவில்லை. எங்கே போய்த் தேடுவது? வியன்னாவில் ஒரு பிஸ்டலின் இலக்கம் நூறு வருடத்துக்குப் பிறகும் இருக்கிறது. எங்கட ஊரில் அந்த வருடங்களில் போனவர்களின் பெயரும் திகதியும் கூட ஒரே இடத்தில் எழுதப்படவில்லை. அன்று நான் பிறக்கவே இல்லை. கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். தரம் 11 பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, 80களிலும் 90களிலும் ஊரில் நடந்ததைக் கேட்டு எழுதி வரவேண்டும். யார் இறந்தார், எந்தத் திகதி, என்ன தொழில் செய்தார், எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள். அவ்வளவும் போதும். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பிள்ளை கொப்பியோடு வந்தால் "அதெல்லாம் ஏன் இப்ப" என்று அனுப்பிவிடாதீர்கள். போனில் பிஸ்டலின் பெயர் இருபது தெரிந்த பிள்ளைக்கு, வீட்டில் சுடப்பட்டவரின் முழுப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

கொமண்டில் யார் சுட்டது என்று தயவுசெய்து சண்டை பிடிக்க வேண்டாம். உங்கள் குடும்பத்தில் இறந்தவரின் பெயரும் வருடமும் தெரிந்தால், அதை மட்டும் எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். அந்தப் பையன் தன்னுடைய மூத்தாப்பாவின் பெயரை முதலாவதாக எழுதித் தந்துவிட்டான்.