ஊவாவின் படிகப்பாறையும் மன்னாரின் மணற்கல்லும்

ஸ்பிரிங்வெளித் தேயிலைச் சரிவுகளில் எத்துணை ஆழம் துளையிடினும் எண்ணெய் கிட்டாது. மலை வறியதன்று, அதன் வரலாறு வேறு. ஊவாவின் பாறைகளிற் பல, ஒரு காலத்தில் மணலும் சேறும் சுண்ணாம்புமாகப் படிந்தவையே. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவை புவியோட்டின் ஆழத்தில் 700 பாகை சென்ரிகிறேட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்தன. மணற்கல் குவாட்சைற்று ஆயிற்று. சுண்ணக்கல் சலவைக்கல் ஆயிற்று. பதுளைச் சூளைகளிற் சுண்ணாம்பாக நீற்றப்படுவது இச்சலவைக்கல்லே. இத்தகைய படிகச் சுண்ணக்கற்களைப் பற்றி 1902 இல் ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலையறிஞராக மட்டுமே அவரைப் போற்றுவோர், 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருளியல் அளவையின் தலைவராயிருந்ததை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

நிலத்தடி எண்ணெய், குகையிலே தேங்கிய குளமன்று. மணற்கல்லின் பருக்கைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய இடுக்குகளில் அது தங்குகின்றது. இடுக்குகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தாலன்றி அது கிணற்றை நோக்கி நகராது. கீழே உயிரெச்சம் செறிந்த களிப்பாறை அளவோடு வெந்திருத்தல் வேண்டும். மேலே ஊடுபுகவிடாத மூடுபாறை வேண்டும். ஊவாவில் வெப்பம் அளவு கடந்தது; பருக்கைகள் ஒன்றோடொன்று இறுகி இடுக்குகள் அடைபட்டன.

மன்னாரின் கதை வேறு. கொண்டுவானாப் பெருநிலம் பிளவுற்றபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் தாழ்ந்தது. இருபுறத்துப் படிகப்பாறைகளும் தேய்ந்து, அவற்றின் மணல் அத்தாழ்வில் அடுக்கடுக்காகப் படிந்தது. வடக்கேயுள்ள காவிரி வடிநிலம் பாக்குநீரிணையின் இரு கரைகளுக்கும் பொது. அதன் தமிழகப் பகுதியில் நரிமணம் எண்ணெய் தந்தது. இலங்கைப் பக்கத்தில், பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் உதவியுடன் 1974 இல் மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டது, பயன் கிட்டவில்லை. 1981 இல் மன்னார்க் குடாவில் அமெரிக்க நிறுவனமொன்று துளைத்த ‘பேள்–1’ கிணறும் வெறுமையாயிற்று. இரண்டொரு துளை வறண்டமை கொண்டு வடிநிலம் முழுவதையும் வறண்டதெனத் தீர்த்தல் பொருந்தாது. மணற்கல் இருந்தும் மூடுபாறை தவறினால் வாயு தங்காதன்றோ?

முப்பது ஆண்டுகள் கழித்து, 2011 இல், கெயான் நிறுவனம் ஏறத்தாழ 1,350 மீற்றர் ஆழக் கடலில் ‘டொராடோ’ கிணற்றைத் துளைத்தது. கடல்மட்டத்தின் கீழ் ஏறத்தாழ மூவாயிரம் மீற்றரில், கிறித்தேசியக் கால மணற்கல்லில், 25 மீற்றர் தடிப்புக்கு வாயு காணப்பட்டது. அதே ஆண்டில் ‘பரக்குடா’விலும் வாயு கண்டனர். ஆயினும் காண்பது வேறு, எடுப்பது வேறு. ஆழ்கடற் குழாய்வழிக்கு ஆகும் பெருஞ்செலவை வாயுவின் அளவும் விலையும் ஈடுசெய்தல் வேண்டும். உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்திருந்த 2015 இல் அந்நிறுவனம் விலகிற்று. அவ்வாயு இன்னும் மணற்கல்லிலேயே உள்ளது.

2022 இல், மன்னார்க் கரையின் மீனவரும் மலையகத் தோட்ட லயன்களின் மக்களும் மண்ணெண்ணெய்க் கலன்களுடன் ஒரே வகையான வரிசைகளில் நின்றனர்.