கிண்டி: சுவருக்குப் பின்னால் ஒரு காடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் படித்த யாரைக் கேட்டாலும், கிண்டிக்கு ஒரு பள்ளிக்கூட டூர் போயிருப்பார்கள். புளியோதரைப் பொட்டலம், பாம்புப் பண்ணை, மான், சறுக்கு மரம், திரும்பி வரும்போது பஸ்ஸில் தூக்கம். அதோடு கிண்டி முடிந்தது! ஆனால் நாம் பார்த்த சிறுவர் பூங்காவுக்குப் பின்னால் இருப்பது ஒரு தேசியப் பூங்கா. முதுமலைக்கும் குஜராத்தின் கிர் காட்டுக்கும் உள்ள அதே அந்தஸ்து இதற்கும் உண்டு. பரப்பு மட்டும் 2.7 சதுர கிலோமீட்டர். மும்பைக்குள் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

சரி, கதைக்கு வருவோம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் இது வேட்டைக் காடு. 1821-ல் அரசாங்கம் இதை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. அப்போது கவர்னர் தாமஸ் மன்றோ. கவர்னர்கள் ஓய்வெடுக்க வந்து தங்கிய அந்த வீடுதான் பிற்காலத்தில் ராஜ்பவன் ஆனது. 1910-ல் சுமார் 505 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,250 ஏக்கர், ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது.

அக்கவுண்டன்ஸியில் நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்று முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். கிண்டி நிலம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. 1956-ல் காந்தி மண்டபம். 1958-ல் ஐ.ஐ.டி.க்காகப் பெரிய பகுதி போனது (அதன் வளாகம் மட்டும் 600 ஏக்கருக்கு மேல்). 1970-களில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள். இதில் யாரை வில்லன் என்று சொல்வது? ஒவ்வொன்றும் நல்ல காரியத்துக்குத்தான். கூட்டிப் பார்த்தால் பாதிக் காடு இல்லை. 1978-ல் மீதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதனால்தான் இந்த 270 ஹெக்டேராவது தப்பியது.

நம்ம பக்கமும் அதே காலத்தில்தான் மாறியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒரு துண்டு நிலத்தைக்கூட மானுக்கென்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லையே!

இப்போது கிண்டியின் உண்மையான அதிசயத்துக்கு வருகிறேன். டூர் போனபோது நாம் 'மான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்ட கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று புள்ளிமான். இது பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது என்கிறார்கள். இன்னொன்று வெளிமான். வளர்ந்த ஆண் கருப்பாக, முறுக்கிய கொம்போடு இருக்கும். சங்கப் பாடல்களில் முல்லை நிலத்தில் வரும் இரலை இதுதான். பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் காட்டில் இந்த இனம் அழிந்துபோனது. தமிழ்நாட்டிலேயே கோடியக்கரை, சத்தியமங்கலம் போன்ற சில இடங்களில்தான் உண்டு. அது கிண்டி பஸ் பிடித்தால் போய்ச் சேருகிற தூரத்தில் மேய்கிறது!

பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், வெளிமானுக்கு வெட்டவெளி வேண்டும். புல்வெளியில் ஓடித்தான் அது உயிர் பிழைக்கும். புதர் மூடினால் புல் போகும், புல் போனால் வெளிமான் போகும். புள்ளிமானுக்கு மர நிழலே போதும், அதனால் அது பெருகிவிட்டது. காட்டைச் சுற்றிச் சாலை, ஐ.ஐ.டி. பக்கம் சுவர். வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியில்லை. ஆகவே வேலி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது. உள்ளே இருக்கும் புல்லையும் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காரை, களா, ஆல், வேம்பு என்று 350-க்கும் மேற்பட்ட தாவர வகைகள், 130-க்கும் மேற்பட்ட பறவைகள், நரி, நட்சத்திர ஆமை எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் இருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய சமவெளியில் ஒரு காலத்தில் பரவிக் கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது. சென்னை வருவதற்கு முன் இந்த மண் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்த முறை சர்தார் படேல் சாலையில் பஸ் நின்றால் செல்போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தச் சுவருக்கு மேலே தெரிகிற மரங்களைப் பாருங்கள். 35,000 ரூபாய்க்கு வாங்கிய சொத்து அது. இன்று எத்தனை கோடி கொடுத்தாலும் இன்னொன்று வாங்க முடியாது.