தணிகைச் சாரலில் பித்தும் பிச்சியும்

திருத்தணிகை மலையடிவாரத்துக் கடைவீதியில் சற்று நின்று செவிகொடுப்போர்க்குப் ‘பைத்தியம்’ என்னும் தமிழ் வழக்கும் ‘பிச்சி’ என்னும் தெலுங்கு வழக்கும் ஒரே நாவில் மாறி மாறி வருவது புலப்படும். 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை ராஜ்யத்தோடு இணையும் வரை ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வூரில் அது வியப்பன்று. வியப்புக்குரியது அச்சொற்களின் பூர்வ சரித்திரமே.

பைத்தியம் என்பது வடமொழியில் பித்தம் சம்பந்தமானது என்றே பொருள்படும். வாதம், பித்தம், கபம் மூன்றும் சமநிலை பிறழ்வதே பிணி என்ற வைத்திய சாஸ்திரத்தின் கொள்கையிலிருந்து, ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்ற பேச்சும், தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லும் பாட்டிமார் பக்குவமும் கிளைத்தன. தெலுங்கில் ‘பைத்யம்’ இன்றும் பித்தக் கோளாறைக் குறிக்கிறது. தமிழிலோ அது உடம்பை விட்டு மனத்தைப் பற்றிக்கொண்டது. உன்மத்தம் என்ற சொல்லும் அவ்வாறே ஒரு செடியில் போய்த் தங்கி, ஊமத்தை ஆயிற்று.

பித்து என்பதற்கு வாய்த்த பாக்கியம் வேறு. மணப்பந்தலில் வந்து ‘நீ என் அடிமை’ என்று வழக்கிட்ட முதியவரைச் சுந்தரர் பித்தனென்று ஏசியதும், வந்தவர் இறைவனே என்று திருவெண்ணெய்நல்லூரில் தெளிந்தபின், அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடும்படி ஆணை பிறந்ததும் பெரியபுராணம் கூறும் வரலாறு. வசைச்சொல் ஒன்று வழிபாட்டுச்சொல்லாக மாறிய கணத்தை இத்தனை தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்றை நான் அறியேன். அவருக்கு முற்பட்ட அப்பரடிகளோ, தலைவனின் பெயரைக் கேட்ட அளவில் அன்னையையும் அத்தனையும் நீத்த நங்கையைப் ‘பிச்சி’ என்றே குறித்தார். ஆகவே தணிகைக் கடைவீதியில் தெலுங்கு வசையாக நம் காதில் விழும் ஒலி, தேவாரத்தில் காதலின் உச்சத்திற்குச் சூட்டிய பெயராகும். ‘பெற்ற மனம் பித்து’ என்னும் பழமொழியிலும் அந்தக் கௌரவம் குன்றவில்லை. அவ்விடத்தில் பைத்தியம் என்று மாற்றிச் சொல்ல எந்தத் தாயின் செவியும் பொறுக்காது. இந்நகருக்கு அணித்தான திருவாலங்காட்டில் கூத்தனின் அடிநிழலை அடைந்த காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டதையும், முருகன் புகழ் பாடிய முருகதாஸ் ‘பித்துக்குளி’ என்ற அடைமொழியை உவந்து தரித்ததையும் இவ்வரிசையிலேயே வைத்து எண்ண வேண்டும்.

குறிஞ்சிக் கடவுளின் குன்றாதலால் வெறி என்னும் சொல்லையும் விடுவதற்கில்லை. காதலால் மெலிந்த மகளுக்கு முருகு அணங்கியதென்று மயங்கி, வேலனை அழைத்து வெறியாடச் செய்த சங்ககாலத் தாயின் நாவில் அது புனிதச் சடங்கின் பெயர். நறுமணத்திற்கும் அதுவே பெயர். இன்று வெறிநாய், சாதிவெறி என்ற அளவில் அது தாழ்ந்து கிடக்கிறது.

பைத்தியம் என்ற சொல்லுக்குப் பூட்டும் சாவியும் சேர்ந்தது ஆங்கிலேயர் ஆட்சியில். சென்னையில் 1794இல் தோன்றிய காப்பகத்தின் வழிவந்த நிலையம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற பின், அவ்வூர்ப் பெயரே சென்னைவாசிகளின் வாயில் ஓர் ஏளனமாயிற்று. 1922இல் அது மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியும், 1912ஆம் ஆண்டுப் பைத்தியச் சட்டம் 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திற்கு இடம்விட்ட பின்னும், 2017இல் நோயாளியின் உரிமையை முன்னிறுத்திய மற்றொரு சட்டம் வந்தும், வீதியின் வழக்கு அசையவில்லை. அச்சொல்லைக் கெடுத்தது நோயன்று, அடைப்பே என்பது என் துணிபு.

ஆடிக் கிருத்திகையன்று காவடியோடு படியேறும் பெண்ணொருத்தி தலைவிரித்து ஆடினால், ஜனங்கள் ‘சாமி வந்திருக்கிறது’ என்று விலகி வழிவிட்டுக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். திருவிழா கழிந்த நாட்களில், சரவணப் பொய்கைக் கரையில் தனக்குத்தானே பேசியபடி அமர்ந்திருப்பவளுக்கு இலையில் சோறு கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. ‘ஏ பைத்தியம், சாப்பிடு’ என்றுதான் அவர்களும் வைக்கிறார்கள்.