நகுதாவின் கணக்கு

துபாயில் வாழ மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் என்று ஒரு பட்டியல் போட்டுத் தந்துவிடுகிறார்கள். வரலாற்றில் சற்றுப் பின்னால் போய்ப் பார்த்தால் கேள்வியே வேறாகத் தோன்றுகிறது. அங்கே பிழைக்க வந்தவனின் வரவு செலவுக் கணக்கு எப்போதாவது அவன் கையில் இருந்திருக்கிறதா?

எண்ணெய்க்கு முன் அந்த ஊருக்கு முத்துதான் வாழ்வு. கோடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் முத்துக்குளிப்பு நடக்கும். உள்ளூர்க்காரர்களோடு பலூச்சிகளும் பாரசீகர்களும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் படகில் இருந்தார்கள். மூக்கைக் கிடுக்கியால் அடைத்து, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குபவனுக்குக் கூலி கிடையாது; கிடைத்ததில் பங்குதான். பங்கு கைக்கு வரும்வரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! ஆகவே பருவம் தொடங்குமுன் நகுதாவிடம், அதாவது படகுத் தலைவனிடம், முன்பணம் வாங்குவான். (நகுதா என்பது நம் கடற்கரை ஊர்களிலும் வழங்கிய சொல்தான்.) பணமாகக் கொஞ்சம், அரிசியாகவும் பேரீச்சையாகவும் மீதி. அரிசி இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. அதற்கு விலை வைத்தவன் கடன் கொடுத்தவனே. பருவ முடிவில் பங்கைக் கழித்த பிறகும் பாக்கி நிற்கும். பாக்கி தீராமல் வேறு படகில் ஏற முடியாது. அவன் இறந்தால் கடன் பிள்ளைகள் தலையில் விழும். எழுதப் படிக்கத் தெரியாதவன் கணக்கை எப்படிச் சரிபார்ப்பான்? நகுதாவுக்கு மேலேயும் பணம் கொடுத்த வணிகன் ஒருவன் இருந்தான், அவனுக்கும் மேலே பம்பாய் முத்துச் சந்தை. 1930 வாக்கில் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலையே மூழ்கடித்தன.

அடுத்த கணக்குப் புத்தகம் நம்முடையது. வளைகுடாக் கடைத்தெருக்களில் நெடுங்காலம் புழங்கியது இந்திய ரூபாய். தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கென்று நிறம் மாற்றித் தனி நோட்டுகளை வெளியிட்டது. வளைகுடா ரூபாய் என்று பெயர். மதிப்பு மட்டும் இந்திய ரூபாய்க்குச் சமம். 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை இந்தியா 7.50 ஆக்கியது. தில்லியில் எடுத்த முடிவால் துபாயில் பெட்டிக்குள் இருந்த சேமிப்பு ஒரே நாளில் சுருங்கியது. அதே ஆண்டில் கத்தார்-துபாய் ரியால் வந்தது, 1973இல் திர்ஹாம்.

திர்ஹாமின் கணக்கு வாஷிங்டனில் எழுதப்படுகிறது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைத்திருக்கிறார்கள். நிலையான நாணயம் நல்லதுதானே என்று கேட்கலாம். 2007ஐ நினைத்துப் பாருங்கள். டாலர் சரிந்தது, அதோடு கட்டுண்ட திர்ஹாமும் சரிந்தது. ஆண்டு இறுதியில் ஒரு திர்ஹாமுக்கு 11 ரூபாய்கூடத் தேறவில்லை. அமெரிக்கா வட்டியைக் குறைத்தால் இங்கும் குறைத்தாக வேண்டும் என்பதால் விலைவாசியை அடக்க வழியில்லை. பணவீக்கம் இரட்டை இலக்கத்தைத் தொட்டது. குவைத் அந்த ஆண்டு மே மாதமே டாலர் கட்டை அவிழ்த்துக்கொண்டது, அமீரகம் அவிழ்க்கவில்லை. செலவு கூடியது, ஊருக்குப் போகும் பணம் குறைந்தது, சம்பளம் நின்ற இடத்தில் நின்றது. அக்டோபர், நவம்பரில் ஆயிரக்கணக்கான கட்டடத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் அங்கே சட்டவிரோதம்; செய்தால் நாடு கடத்துவார்கள் என்று தெரிந்தே நிறுத்தினார்கள்.

வாடகைக்கும் உச்சவரம்பு வைத்துப் பார்த்தார்கள்: 2005இல் ஆண்டுக்கு 15 விழுக்காடு, 2007இல் 7, 2008இல் 5. ஆனால் வரம்பு பழைய குடித்தனக்காரருக்குத்தான். புதிதாக வருபவனிடம் சந்தை விலை கேட்கலாம் என்பதால், இருப்பவனைக் கிளப்பக் காரணம் தேடினார்கள் வீட்டுக்காரர்கள். ஓராண்டு வாடகைக்கும் பின்தேதியிட்ட காசோலைகளை முன்னரே கொடுத்துவிட வேண்டும். வேலை போனாலும் காசோலை போகாது. பணமின்றித் திரும்பினால் சிறைவரை கொண்டுபோகும். 2022 ஜனவரியில்தான் அந்தக் கடுமையைப் பெருமளவு தளர்த்தினார்கள். முத்துக்குளிப்பவனின் முன்பணம் தலைகீழாகத் திரும்பி வந்ததுபோல் இல்லையா? அவன் வாங்கிக் கடனாளி ஆனான். இவன் கொடுத்துக் கடனாளி ஆகிறான்.

அதற்கும் வழியில்லாதவர்களுக்கு வீடு என்ற அலகே கிடையாது. தேராவிலும் கராமாவிலும் வாடகைக்கு விடப்படுவது 'பெட் ஸ்பேஸ்'. ஒரு கட்டில், தலைமாட்டில் ஒரு பெட்டிக்கு இடம். 2008இல் ஒரு வில்லாவுக்கு ஒரு குடும்பம் என்று நகராட்சி பிடிவாதம் பிடித்தபோது, பங்குபோட்டுக் குடியிருந்தவர்கள் மூட்டையோடு வெளியேறினார்கள்.

நம் அக மரபில் பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையே உண்டு. அகநானூற்றில் சரிபாதி பாலை. தலைவன் கடக்கும் வழியின் வெம்மையை அவ்வளவு விரிவாகப் பாடியவர்கள், போன இடத்தில் அவனுக்குச் சோற்றுக்கு என்ன செலவாயிற்று என்று பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதை வகுப்பில் சொன்ன மறுநாள் ஒரு மாணவி தன் தந்தையின் பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். தேராவில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர். இடப்பக்கம் திர்ஹாம், வலப்பக்கம் அன்றைய மாற்று விலையில் ரூபாய். நாள்தோறும் 'தேநீர் 1' என்று எழுதி, எதிரே ரூபாயில் எவ்வளவு என்றும் குறித்திருந்தார். பல நாட்களில் தேநீர் என்று எழுதி அடித்திருந்தது.