பாடம் மாறும் முறை



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் திருப்பெரும்பூதூர் இருக்கிறது. இராமாநுசர் அவதரித்த ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் ஒரு மந்திரத்தின் பொருளை அறிய விரும்பித் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்றும், பதினெட்டாம் முறையே அதைப் பெற்றார் என்றும், பெற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஊரார் யாவரும் கேட்க உரைத்தார் என்றும் வைணவ மரபு கூறும். கல்வியைப் பற்றிய இரண்டு கொள்கைகள் இக்கதையில் அடங்கியுள்ளன. கொடுப்பதற்கு முன் ஆராய வேண்டும்; ஆராய்ந்து கொண்டதை எல்லார்க்கும் வழங்க வேண்டும். இன்று நான் பேச வந்த பொருளுக்கு இவ்விரண்டுமே அடிப்படை.

அந்தச் சாலையில் இன்று காலை வேளையில் நின்று பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்தும் கல்லூரிப் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010இலும், டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை 2012இலும் திறக்கப்பெற்றன. அவற்றை ஒட்டிப் பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. அக்கல்லூரிகளில் பயிலும் மாணவனின் கையிலுள்ள பாடத்திட்டத்தை யார் வகுத்தார்கள்? அதில் ஒரு பகுதியை நீக்கி வேறொன்றைச் சேர்க்க வேண்டுமானால் யார் இசைய வேண்டும்? பெரிய அதிகாரி ஒருவர் கையொப்பமிட்டால் முடிந்துவிடும் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சட்டப்படி நிறுவப்பெற்றது. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அது, அக்காலத்தில் தானே பாடம் நடத்தவில்லை. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. எனவே பாடத்திட்டம் என்பது தேர்வுக்கு உரிய பகுதிகளின் பட்டியலாகவே பெரிதும் இருந்தது. அதை முடிவு செய்யும் பேரவையில் அரசு அலுவலர்களும் சமயப் பணியாளர்களும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். வகுப்பறையில் நின்று கற்பித்த தமிழாசிரியரின் குரல் அங்கே எளிதில் எட்டவில்லை.

எட்டாத அக்குரலை எட்டச் செய்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லூரிப் படிப்பிலிருந்து தமிழ் முதலிய தாய்மொழிகளை விலக்கிவிட்டு வடமொழியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்னும் கருத்து பல்கலைக்கழகத்தில் எழுந்தது. அப்போது சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ்த் துறையில் பணியாற்றியவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர் அவரே. ஆங்கிலப் பேராசிரியராகிய மு. சி. பூரணலிங்கம் பிள்ளை அவருடைய நண்பர். இருவரும் 1897இல் ஞானபோதினி என்னும் திங்கள் இதழைத் தொடங்கி நடத்தியவர்கள். தமிழை விலக்கும் கருத்தைக் கேட்டதும் இவர்கள் வாளாவிருக்கவில்லை. குழுவினரைக் கண்டு பேசினர். தமிழ் பிற மொழிகளின் துணையின்றி நிற்க வல்ல உயர்தனிச் செம்மொழி என்று காரணம் காட்டி வாதிட்டனர். 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் எதிர்ப்புத் தெரிவித்தது. முடிவில் அக்கருத்துக் கைவிடப்பட்டது. சாஸ்திரியார் 1903ஆம் ஆண்டில், முப்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்தார். அவர் வடமொழியும் நன்கு கற்றவர் என்பதை இங்கே மறக்கலாகாது. ஒரு மொழியின்மீது கொண்ட பகையால் அவர் பேசவில்லை. ஒரு தலைமுறை மாணவர் எதை இழப்பர் என்று கணக்கிட்டுப் பேசினார்.

இந்நிகழ்ச்சி கற்பிப்பது என்ன? பாடத்திட்டத்தில் ஒரு வரி நீங்கினால் அது வெறும் வரி அன்று. பின்வரும் ஆயிரம் மாணவர்களின் கல்வி அதனால் மாறிவிடும். ஆகவே, கற்பிப்பவர்களின் காரணத்தைக் கேளாமல் எவ்வரியையும் நீக்கலாகாது.

இவ்வுண்மை பின்னர்ச் சட்டத்திலும் இடம் பெற்றது. 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம், பேரவை, ஆட்சிக்குழு ஆகியவற்றுடன் கல்விக் குழு ஒன்றையும் ஏற்படுத்தியது. இதனையே ‘அகாடமிக் கவுன்சில்’ என்று வழங்குவர். பணமும் கட்டடமும் நியமனமும் ஆட்சிக்குழுவின் கவலை. பாடமும் தேர்வும் தரமும் கல்விக் குழுவின் கவலை. பாடத்தைப் பற்றிய பேச்சில் பாடம் நடத்துவோர்க்கு உரிய இடம் அவ்வாறு அமைந்தது.

இனித் தொழிற்கல்விக்கு வருவோம். நம் நாட்டில் தொழிற்கல்வி, வேலை கொடுப்பவரின் தேவையால் பிறந்தது. கிண்டிப் பொறியியற் கல்லூரியின் மூலம் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே. கும்பெனி ஆட்சிக்கு நிலம் அளக்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. ஆனால் தேவை தோன்றுமுன்பே பாடத்தைத் தோற்றுவித்த பெரியவர்களும் இருந்தனர். சி. இராஜம் என்பவர் தம் இல்லத்தை விற்றுப் பொருள் திரட்டி, 1949இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் என்னும் நான்கு பிரிவுகள் அங்கே தொடங்கப்பெற்றன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. மின்னணுவியல் என்ற சொல்லையே பலர் கேட்டிருக்கமாட்டார்கள். அப்துல் கலாம் விமானப் பொறியியலும், எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியலும் பயின்றது அங்கேதான். இருங்காட்டுக்கோட்டையில் முதற் கார் உருவாவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, அதற்குச் சில கல் தொலைவில் மோட்டார் வாகனப் பொறியியல் ஒரு பாடமாகிவிட்டது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தபோது கிண்டிக் கல்லூரியுடன் இக்கழகமும் அதனுள் அடங்கியது.

அதே 1978இல் தமிழகத்தில் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்றன. கோத்தாரிக் கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்த ஏற்பாடு இது. தன்னாட்சி பெற்ற கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் அளிக்கும். தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்கோ பல்கலைக்கழகம் வகுத்த பொதுப் பாடத்திட்டமே உரியது. அண்ணா பல்கலைக்கழகம் இப்பொதுத் திட்டத்தை 2008, 2013, 2017, 2021 என நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்துள்ளது.

ஒரு மாற்றம் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் மோட்டார் வாகனத் துறை ஆசிரியர் ஒருவர், மின்சார வாகனத்தின் மின்கலத்தைப் பற்றிய பகுதியைப் பாடத்தில் சேர்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் அதைப் பாடத்திட்டக் குழுவின் முன் வைக்க வேண்டும். ‘போர்டு ஆஃப் ஸ்டடீஸ்’ என்பது இதுவே. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி, துறைத் தலைவரும் துறை ஆசிரியர்களும் மட்டும் இதில் அமர்ந்தால் போதாது. வெளியறிஞர் இருவரும், துணைவேந்தர் நியமிக்கும் அறிஞர் ஒருவரும், தொழில்துறையைச் சேர்ந்த ஒருவரும், பழைய மாணவர் ஒருவரும் உடன் அமர வேண்டும். வீட்டார் மட்டும் கூடிப் பேசினால் வீட்டின் குறை தெரியாது. அயலாரும் வேண்டும் என்பதே இதன் கருத்து.

அக்குழுவில் எழும் முதற் கேள்வி, ‘எதை நீக்குவது?’ என்பதாகும். ஒரு பாடத்துக்கு வழக்கமாக ஐந்து அலகுகள்; அலகுக்கு ஒன்பது மணி; ஆக மொத்தம் நாற்பத்தைந்து மணி. நிறைந்த குடத்தில் நீர் வார்த்தால் உள்ள நீர் வழியத்தானே செய்யும்? கார்புரேட்டர் பற்றிய பகுதியைக் குறைக்கலாம் என்கிறார் ஒருவர். கார்களில் அது மறைந்து நெடுநாளாயிற்று. 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபின் இருசக்கர வாகனங்களிலும் பெரும்பாலும் மறைந்தது. ‘ஆயினும், எரிபொருளும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்னும் அறிவை மாணவன் அங்கேதானே பெறுகிறான்?’ என்று மற்றொருவர் தடுக்கிறார். கருவியை விடலாம், கருத்தை விடலாகாது என்று முடிவாகிறது. இத்தகைய உரையாடலே அக்குழுவின் உயிர்.

இரண்டாவது கேள்வி, ‘யார் கற்பிப்பது?’ என்பது. இதன் அருமையை நான் மாணவனாகவே உணர்ந்தவன். 1978இல் நம் மாநிலத்தில் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, முதல் அணியில் பயின்றவர்களுள் நானும் ஒருவன். அதுவரை கல்லூரியில் கற்பித்த கணக்குகள் பள்ளிக்கு வந்துவிட்டன. எங்கள் கணித ஆசிரியர் இரவெல்லாம் விளக்கடியில் அமர்ந்து தாம் கற்றுக்கொண்டு, காலையில் எங்களுக்குக் கற்பித்தார். கரும்பலகையில் நடுவே நின்றுவிட்டால், ‘நாளை சொல்கிறேன்’ என்று நாணாமல் கூறுவார். மறுநாள் தவறாமல் சொல்வார். பாடத்திட்டம் தாளில் மாறுவது ஒருநாட் செயல்; ஆசிரியரிடத்தில் அது மாறுவதற்கு ஓராண்டேனும் வேண்டும் என்பதைப் பின்னாளில் தலைமையாசிரியராக இருந்தபோது அவரை நினைத்தே அறிந்துகொண்டேன்.

பாடத்திட்டக் குழு இசைந்தபின் செய்தி கல்விக் குழுவுக்குச் செல்லும். அதில் கல்லூரி முதல்வரும் எல்லாத் துறைத் தலைவர்களும் வெளியறிஞர்களும் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளும் இருப்பர். அது ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் திருப்பினாலும் மறுத்தாலும் காரணம் கூற வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். காரணம் கூறாமல் மறுப்பவன் அதிகாரி. காரணம் கூறி மறுப்பவனே ஆசிரியன். ஏற்கப்பட்ட மாற்றமும் பொதுவாகப் புதிதாகச் சேரும் மாணவர்க்கே பொருந்தும். முன்பே சேர்ந்தவர் தாம் சேர்ந்தபோதிருந்த திட்டத்தின்படியே முடிப்பர். விளையாட்டின் நடுவே விதியை மாற்றுதல் அறமன்று அல்லவா?

இத்துணைப் படிகள் ஏன், தொழிற்சாலை கேட்பதை உடனே கற்பித்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையைத் திருப்பெரும்பூதூரே தருகிறது. அங்கே நோக்கியா நிறுவனம் 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே வேலை பெற்றனர். 2014 நவம்பரில் அவ்வுற்பத்தி நின்றுபோயிற்று. இடைப்பட்டது ஒன்பது ஆண்டுகூட இல்லை. அவ்வளாகம் பின்னர் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி மீண்டும் இயங்கலாயிற்று என்பது உண்மையே. ஆயினும், அந்த ஓர் ஆலையின் எந்திரங்களை மட்டும் கற்பிக்கும் பட்டம் ஒன்று இருந்திருக்குமானால், அதைப் பெற்றவர் நிலை என்ன ஆகியிருக்கும்? ஆலைக்கு இன்றைய தேவை உண்டு. அதை ஒரு மாத காலப் பயிற்சியால் நிறைவு செய்துகொள்ளலாம். பட்டமோ மாணவனுடன் நாற்பதாண்டு நடக்க வேண்டியது. ஆகவேதான் குழுவில் தொழில்துறையினர்க்கு ஓர் இடம் உண்டு; எல்லா இடமும் அவர்க்கே இல்லை.

இதனால் தாமதம் எல்லாம் நன்று என்று நான் கூறுவதாக எண்ணாதீர்கள். ஒரு திருத்தம் நான்காண்டு தள்ளிப்போனால், ஓர் அணி முழுவதும் பழைய பாடத்துடனேயே வெளியேறிவிடும். தாளைப் படியாமலே தலையசைத்து ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் நிறைவேற்றும் குழுவும் உண்டாகக் கூடும். அப்படிப்பட்ட குழுவைவிடக் குழு இல்லாமையே மேல். ஆராய்வதற்காகக் காலம் எடுத்துக்கொள்வது வேறு. ஆராயாமல் காலம் கழிப்பது வேறு. நம்பி பதினேழு முறை திருப்பி அனுப்பியது மாணவனைச் சோதிக்கவேயன்றிச் சோம்பலால் அன்று.

இறுதியாக ஒன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், 2022–23 கல்வியாண்டு முதல் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் இரு பாடங்கள் பொறியியல் மாணவர்க்குச் சேர்க்கப்பட்டன. கல்லூரிப் படிப்பிலிருந்து தமிழே நீங்கிவிடும் என்று அஞ்சிப் பரிதிமாற் கலைஞர் வாதாடிய காலத்திலிருந்து நூற்றிருபது ஆண்டுகள் சென்றபின் நிகழ்ந்த செய்தி இது. அன்று ஒருவரி நீங்காமல் காத்தவர் ஆசிரியர். இன்று இருவரி சேர்ந்ததும் குழுக்களின் வழியாகவே.

நண்பர்களே, உங்கள் பாடத்திட்டத்தை ஒருமுறையேனும் முதலிலிருந்து முடிவு வரை படித்துப் பாருங்கள். எப்பகுதி ஏன் வைக்கப்பட்டது என்று ஆசிரியரைப் பணிவுடன் கேளுங்கள். பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர் ஒருவர்க்கு இடம் உண்டு என்று சொன்னேன். ஒருநாள் அந்த நாற்காலியில் உங்களுள் ஒருவர் அமரக் கூடும். அன்று உங்கள் முன் வைக்கப்படும் தாளைப் படித்துவிட்டுத் தலையசையுங்கள். இசையவில்லையெனில் காரணம் சொல்லுங்கள். உங்களை அறியாத, நீங்களும் அறியாத மாணவர் பலர் அந்தத் தாளுக்காகக் காத்திருப்பார்கள்.